பிள்ளையின் அறிவுக்கு ஸகாத் உண்டா?

சென்ற ஆண்டு ஷஅபான் மாதத்தில் ஒருநாள், மஃரிபுத் தொழுகை முடிந்து பிள்ளைகள் கலைந்து சென்றபின், ஒரு தந்தை என்னைக் காண வந்தார். ஸலாம் உரைத்தார், பாயில் அமர்ந்தார், மழையில்லாமையைப் பற்றியும் ரமலான் பிறை எந்நாளில் தென்படக்கூடும் என்பது பற்றியும் சிறிது நேரம் பேசினார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "ஹஜ்ரத், தவறாக எண்ணக்கூடாது. என் மகன் தங்களிடம் ஓதத்தானே வருகிறான்? ஓதிக் கொடுக்கவா வருகிறான்?" என்று கேட்டார்.

அவர் சினந்து கேட்டிருந்தால் எனக்கு விடை எளிதாகக் கிடைத்திருக்கும். பணிவோடு கேட்டதனால் நான் வாயடைத்துப் போனேன். "யோசித்துச் சொல்கிறேன்" என்று அனுப்பி வைத்தேன். அந்த யோசனையின் விளைவே இக்கட்டுரை.

அவர் கேட்டதன் பின்னணியைச் சொல்லிவிட வேண்டும். திருவண்ணாமலையின் மலையைச் சுற்றிச் செல்லும் 14 கிலோமீட்டர்ப் பாதையில், மலையின் பின்புறமாக அமைந்தது அடி அண்ணாமலை. அவ்வூருக்கு அண்மையில் பகலில் தமிழ் கற்பிக்கிறேன். மாலையில் நம் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிறேன். மாலையில் வருவோர் 34 பேர். அலிஃபும் பேயும் கூட்டுகின்ற பிள்ளையும் அதில் உண்டு. ஐந்து ஜுஸ்உவை முடித்த பிள்ளையும் உண்டு. முன்னெல்லாம் வரிசையாக அமர்த்தி, ஒவ்வொருவராக அழைத்து, பாடம் கேட்டு அனுப்புவேன். ஒரு பிள்ளைக்கு இரண்டு மணித்துளி கிடைக்கும். மற்ற நேரமெல்லாம் அது சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். இதை மாற்ற எண்ணி, ஐந்தைந்து பேராக ஏழு வட்டங்கள் அமைத்தேன். ஒரு வட்டத்தில் மட்டும் ஓர் இடம் காலி. ஒவ்வொரு வட்டத்திலும் சற்று முன்னேறிய பிள்ளை ஒன்று இருக்கும். பாடத்தை என் குரலிலேயே பதிவு செய்து பெற்றோரின் கைப்பேசிக்கு அனுப்பிவிடுவேன். வீட்டில் கேட்டுவிட்டு வருவது; வட்டத்தில் ஒருவருக்கொருவர் ஓதிக் காட்டுவது; நான் வட்டம் வட்டமாகச் சென்று திருத்துவது. இக்காலத்துக் கல்வியாளர் இதைச் சிறுகுழுக் கற்றல் என்றும், கருவியும் வகுப்பும் இணைந்த கலப்புமுறைக் கற்றல் என்றும் பெயரிட்டு அழைக்கின்றனர். நான் பெயரெதுவும் வைக்கவில்லை. நேரம் போதவில்லை; ஆகவே செய்தேன்.

அந்தத் தந்தையின் மகன் அத்தகைய முன்னேறிய பிள்ளைகளுள் ஒருவன். பத்து வயது. தெளிந்த நாக்கு. அவன் வட்டத்தில்தான் மிகவும் பின்தங்கிய பிள்ளையையும் அமர்த்தியிருந்தேன்.

"கொடுக்கக் கொடுக்கக் குறையாதது கல்வி ஒன்றே, உங்கள் மகன் பிறருக்குச் சொல்லிக் கொடுப்பதால் அவனுக்கு இழப்பொன்றும் இல்லை" என்று அன்றே சொல்லியிருக்கலாம். நம் மேடைகளில் அடிக்கடி ஒலிக்கும் வாசகம் அது. அது முழு உண்மையா? கல்வி குறையாது என்பது மெய். ஆனால் ஒரு பிள்ளையின் மாலைப் பொழுது குறையும். ஒரு மணி நேரத்தில் முக்கால் மணியை மற்றவனுக்குக் கொடுத்தால், தனக்கு மிஞ்சுவது கால் மணிதான். பொருளைக் கணக்கிடுவது போலவே பொழுதையும் கணக்கிட வேண்டும் அன்றோ? இவ்வாறு எண்ணியபோதுதான் ஃபிக்ஹு நூல்களில் நாம் ஓதிய ஒரு பழைய சர்ச்சை நினைவுக்கு வந்தது.

பருவமெய்தாத பிள்ளைக்குச் சொத்து இருந்தால், அச்சொத்துக்கு ஸகாத் உண்டா? ஹனஃபி மத்ஹபின் இமாம்கள், ஸகாத் ஒரு வணக்கம். வணக்கக் கடமை பருவமெய்தியவர்க்கே. ஆதலால் பிள்ளையின் பணத்தில் ஸகாத் இல்லை என்பர். விளைச்சலுக்குரிய உஷ்ரை மட்டும் அவர்கள் வேறாக வைப்பர். ஷாஃபிஈ இமாம்களோ, ஸகாத் என்பது பொருளின்மீது ஏழைக்குள்ள உரிமை. பொருளுக்குரியவன் சிறுவனாயினும் அவ்வுரிமை அழியாது. ஆகவே அவன் சார்பில் பொறுப்பாளர் அதனைக் கொடுத்துவிட வேண்டும் என்பர். கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈகள் மிகுதி. எங்கள் வட ஆர்க்காட்டுப் பக்கத்தில் ஹனஃபிகள் மிகுதி. இரு தரப்பாரும் இன்றளவும் தத்தம் வழியிலேயே நடக்கின்றனர்.

அறிவைப் பொருளாக வைத்துப் பாருங்கள். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது, அறிவுக்குக் கொடுக்கும் ஸகாத். அந்தத் தந்தையின் கேள்வி ஹனஃபிக் கேள்வி: என் பிள்ளை இன்னும் கடமைக்கு ஆளாகாதவன், அவனிடம் எப்படி வசூலிக்கலாம்? நான் செய்துகொண்டிருந்தது ஷாஃபிஈச் செய்கை: பின்தங்கிய பிள்ளையின் உரிமை இவன் அறிவில் இருக்கிறது, பொறுப்பாளனாகிய நான் எடுத்துக் கொடுக்கிறேன். இது வெறும் ஒப்புமைதான். சட்டமாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டா. ஒப்புமை எதுவரை செல்கிறது என்று பார்ப்போம்.

தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லிக் கொடுக்கும் இம்முறை நம் நாட்டுக்குப் புதியதன்று. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருப்பான். வாத்தியார் வெளியே சென்றால் அவனே வாத்தியார். மணலில் விரலால் எழுத்தைக் கூட்டச் சொல்லுவான். முறை வைத்து ஒப்புவிக்கச் செய்வான். தவறினால் தண்டிக்கவும் செய்வான். என் பாட்டனார் அப்படியொரு திண்ணையில் படித்தவர். சட்டாம்பிள்ளைக்கு மடியில் கடலை கொண்டுபோனால் அன்றைக்கு ஒப்புவிக்க வேண்டியதில்லை என்று சிரித்துக்கொண்டே சொல்லுவார்.

இத்திண்ணை முறையை ஓர் அயலார் பார்த்த கதை உலகறிந்தது. ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1787-இல் சென்னைக்கு வந்தார். 1789-இல் எழும்பூரில் இருந்த ஆண் அநாதைகள் இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். கும்பினிப் படைவீரர்களுக்குப் பிறந்து கைவிடப்பட்ட பிள்ளைகளே அங்கு மிகுதி. ஒருநாள் அவர் குதிரையில் செல்லும்போது, நாட்டுப் பள்ளி ஒன்றில் சிறுவர்கள் தரையில் அமர்ந்து மணலில் எழுதக் கண்டார். திரும்பி வந்து, தம் இல்லத்து ஆசிரியர்களிடம் கீழ் வகுப்புக்கு அவ்வாறே கற்பிக்கும்படி சொன்னார். சம்பளம் வாங்கிய அவ்வாசிரியர்கள் மறுத்துவிட்டனர். மணலில் கைவைக்க அவர்களுக்குக் கௌரவம் இடந்தரவில்லை போலும்! பெல் என்ன செய்தார்? மேல் வகுப்பிலிருந்து எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்து அப்பணியை ஒப்படைத்தார். பெரியவர்கள் முடியாதென்றதை அச்சிறுவன் செய்து காட்டினான். நாளடைவில் இல்லம் முழுவதும் பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் இடமாயிற்று.

பெல் இங்கிலாந்துக்குத் திரும்பி, 1797-இல் தம் சோதனையைப் பற்றி நூல் வெளியிட்டார். ஜோசப் லங்காஸ்டர் என்பார் ஏறத்தாழ இதே முறையைத் தம் வழியில் நடத்தினார். இருவருக்கும், யார் முதல்வர் என்ற சச்சரவு நெடுநாள் நடந்தது. சென்னை முறை என்ற பெயரோடு அது பல நாடுகளுக்கும் பரவியது. பெல்லின் சொத்திலிருந்து ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் எழுந்த பள்ளி இன்றும் சென்னையின் பெயரையே தாங்கி நிற்கிறது. நம் திண்ணை மணல் அவ்வளவு தூரம் பறந்திருக்கிறது என்று எண்ணும்போது யாருக்கும் பெருமிதம் தோன்றும்.

ஆனால் அங்கே அதற்கு நேர்ந்த கதி என்ன? ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளைப் படிக்க வைத்துவிடலாம் என்ற கணக்கே அதைப் பரப்பியது. பெரிய கூடம், மேடையில் ஓர் ஆசிரியர், கீழே வரிசை வரிசையாகச் சட்டாம்பிள்ளைகள். தாம் காலையில் மனப்பாடம் செய்ததை அப்படியே மற்றவர்க்கு ஒப்புவித்தனர். அதற்கு மேல் கேட்டால் அவர்களுக்கே தெரியாது. பணக்காரர் தம் மக்களை அங்கு அனுப்பவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்து அம்முறையைக் கைவிட்டது. மணலில் தொடங்கியபோது அதிலே ஒரு பரிவு இருந்தது. பிறகு சிக்கனம் வந்து குடியேறியது. சிக்கனத்துக்காகப் பிள்ளையை ஆசிரியனாக்கினால், அது பிள்ளையிடம் வேலை வாங்குவதே ஆகும். நிய்யத்து மாறிவிட்டால் அமலும் மாறிவிடும் என்று நாம் ஓதியது இவ்விடத்துக்கும் பொருந்துகிறது.

நம் மரபிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஹிஜ்ரி இரண்டாம் ஆண்டு பத்ருப் போரில் சிறைபிடிக்கப்பட்டோருள் எழுதப் படிக்கத் தெரிந்த சிலர் மீட்புத் தொகை கொடுக்க வசதியற்றிருந்தனர். அவர்களில் ஒவ்வொருவரும் மதீனாவின் பிள்ளைகளில் பத்துப் பேருக்கு எழுத்துக் கற்பித்துவிட்டால் விடுதலை என அண்ணல் நபி (ஸல்) அவர்கள் விதித்தார்கள். பிற்காலத்தில் திருமறையைத் தொகுக்கும் பெரும்பணியை ஏற்ற ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்கள் இவ்வாறு கற்ற பிள்ளைகளுள் ஒருவர் என இப்னு ஸஅத் குறித்திருக்கிறார். ஓர் ஆசிரியருக்குப் பத்துப் பிள்ளைகள்! நூறு என்று விதித்திருந்தாலும் அக்கைதிகள் மறுத்திருக்க முடியாது. பகைவனாய், சிலை வணங்குபவனாய் இருந்தவனிடமும் எழுத்தைக் கற்கலாம். ஆனால் ஒருவனால் முகம் பார்த்துக் கற்பிக்கக்கூடிய அளவுக்கு மேல் பிள்ளைகளை அவனிடம் திணிக்கலாகாது. இந்த நிகழ்ச்சியை நான் எத்தனையோ முறை ஜும்ஆவில் எடுத்துரைத்திருக்கிறேன். பத்து என்ற எண்ணை நின்று கவனித்தது இப்போதுதான்.

மத்ரஸாவில் ஓதியவர்கள் தக்ராரை மறந்திருக்க மாட்டார்கள். பகலில் உஸ்தாது நடத்திய பாடத்தை, இஷாவுக்குப் பின் நாலைந்து மாணவர்கள் வட்டமாக அமர்ந்து, அவர்களுள் ஒருவர் மீண்டும் விளக்க மற்றவர் கேட்டுத் திருத்துவது தக்ரார். என் வட்டத்தில் விளக்கும் பொறுப்பு எனக்கு வாய்த்திருந்தது. எனக்குப் பாடம் புரிந்துவிட்டது என்ற இறுமாப்பும் சிறிது இருந்தது. எதிரே அமர்ந்தவர் ஒரு நண்பர். எல்லாரும் அவரை மந்தமானவர் என்போம். ஓர் இரவு நஹ்வுப் பாடத்தில், ஃபாயிலுக்கு ரஃப்உ வரும், மஃப்ஊலுக்கு நஸ்பு வரும் என்று சொல்லிக்கொண்டு போனேன். அவர் குறுக்கிட்டு, "தமிழில் எழுவாய்க்கு உருபு எதுவும் இல்லையே, செயப்படுபொருளுக்கு மட்டும்தானே ஐ வருகிறது? அரபியில் மட்டும் செய்தவனுக்கு ஏன் ஒரு பேஷைத் தூக்கிக் கொடுக்க வேண்டும்?" என்று கேட்டார். நாங்கள் சிரித்தோம். சிரித்து முடித்தபின் என்னிடம் விடையில்லை.

மறுநாள் உஸ்தாதிடம் போய் நின்றேன். தமிழ் இலக்கணத்தையும் எடுத்து வைத்துக்கொண்டேன். தமிழில் வினைமுற்றே ஆண், பெண், ஒருமை, பன்மை எல்லாவற்றையும் சுமந்து நிற்கிறது. வந்தான் என்ற அளவிலேயே வந்தவன் யாரெனத் தெரிகிறது. எஞ்சிய ஐயத்தை ஐயுருபு தீர்த்துவிடுகிறது. அரபியிலோ வினை முன்னே வந்து, பின்வரும் ஃபாயில் பன்மையாயினும் தான் ஒருமையாகவே நின்றுவிடும். செய்தவனும் செயப்பட்டதும் இடம் மாறியும் வரலாம். ஆகவே இருவருக்கும் கடைசி எழுத்தில் அடையாளம் இட்டிருக்கிறார்கள். இதை நான் விளங்கிக்கொண்டது அந்த நண்பரின் கேள்வியால். இன்று ஒரு தமிழ் மாணவனுக்கு வேற்றுமை நடத்தும்போதெல்லாம் அக்கேள்வியையே முதலில் வைக்கிறேன். நான் அவருக்குக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்த இடத்தில், உண்மையில் அவரே எனக்குக் கொடுத்தார்.

இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் ஃபாஸ் முதலான மேற்கு நகரங்களின் மாணவர்களைப் பற்றி வருந்தி எழுதுகிறார். ஆண்டுக்கணக்கில் பாட சபைகளில் அமர்கிறார்கள், வாய் திறப்பதில்லை, தேவைக்கு மேல் மனனம் செய்கிறார்கள், ஆனால் அத்துறையில் ஆற்றல் அவர்களுக்குப் படிவதில்லை என்பது அவர் கருத்து. அங்கே மத்ரஸாவில் தங்கும் காலம் 16 ஆண்டு, தூனிஸில் 5 ஆண்டு என்று ஒப்பிட்டும் காட்டுகிறார். நாவை அசைத்து விவாதித்தலே ஆற்றலுக்கு எளிய வழி என்று அவர் எழுதியது 1377-இல்! நம் காலத்துக் கல்விக் குழுக்கள் அதைப் புதிதாகக் கண்டுபிடிப்பதைப் பார்க்கும்போது எனக்குச் சிறிது நகைப்பும் வருகிறது.

அரசுப் பள்ளிகளிலும் இது வந்தது. சென்னை மாநகராட்சியின் பள்ளிகள் சிலவற்றில் 2003-இல் செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் தொடங்கி, 2007-2008 கல்வியாண்டில் தமிழ்நாடு முழுவதும் தொடக்க வகுப்புகளுக்கு விரிவாக்கினர். ஆந்திரத்தின் ரிஷி வேலிப் பள்ளியினர் கிராமப் பிள்ளைகளுக்காக உருவாக்கிய முறை அதற்கு வழிகாட்டி. அப்போது மாநகராட்சி ஆணையராயிருந்த எம். பி. விஜயகுமார் அதற்கு முன்னின்றார். எங்கள் பக்கத்துப் பள்ளிகளிலும் பாய் விரிக்கப்பட்டது. சுவரின் கீழ்ப்புறத்தில் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது. மேலே கம்பிப் பந்தல் கட்டிப் பிள்ளைகள் வரைந்த தாள்களைத் தொங்கவிட்டார்கள். பாடம் அட்டைகளாகவும் ஏணிப்படிகளாகவும் பிரிக்கப்பட்டது. பிள்ளை தன் படியில் நிற்கும், ஏறும், அடுத்தவன் எங்கே நிற்கிறான் என்பதைப் பற்றிய வெட்கம் வேண்டியதில்லை. குழுக்கள் ஆறு. ஆசிரியர் முழுதும் துணை நிற்பது, பாதியளவு துணை நிற்பது, சக மாணவர் முழுதும் துணை நிற்பது, பாதியளவு நிற்பது, மதிப்பீட்டுக்குரியது, தானே கற்பது என்று வகுத்திருந்தார்கள். ஆசிரியர் பாயில் இறங்கி அமர்ந்ததைக் கண்டு சில பெற்றோர், "வாத்தியாருக்கு மரியாதை போய்விட்டதே" என்றனர். பள்ளிவாசல் தரையில் தோழர்களோடு வட்டமாக அமர்ந்து கற்பித்த நபிகள் நாயகத்தின் (ஸல்) உம்மத்தார்கூட அப்படிச் சொன்னதுதான் எனக்கு வியப்பு.

குறைகளும் இருந்தன. அட்டை தேய்ந்தால் புதிது வரத் தாமதம். நான்கு வகுப்புப் பிள்ளைகளும் ஒன்றாய் அமர்ந்த அறையில் ஒரே ஆசிரியர், எந்தப் பிள்ளை எந்தப் படியில் என்று குறித்துக்கொள்வதிலேயே நாள் போய்விடும். சக மாணவர் குழு என்று வகுத்த இடத்தில், எவரும் கவனியாத குழு என்று ஆகிவிட்ட பள்ளிகளும் உண்டு. பிறகு 2022-இல் எண்ணும் எழுத்தும் என்ற திட்டம் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்துக் கற்பிக்கச் சொல்கிறது அது. அரும்பு என்ற பெயரில் ஒரு பிள்ளையை அழைப்பது, மக்கு என்பதைக் காட்டிலும் எவ்வளவோ மேல். ஆனால் ஆண்டு முடிந்தும் அரும்பாகவே இருக்கும் பிள்ளை, அப்பெயரின் பொருளைத் தானாகவே கண்டுபிடித்துவிடும்.

கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் 2021 நவம்பர் முதல் நாளில்தான் திரும்ப வந்தனர். ஏறத்தாழ இருபது மாதம்! 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி அக்காலத்தில் பாடங்களை ஒளிபரப்பியது. தனியார் பள்ளிகள் கைப்பேசி வழியே வகுப்பெடுத்தன. எங்கள் தெருவில் கைப்பேசி தந்தையின் சட்டைப்பையில் வேலைக்குப் போய்விடும்; இரவு எட்டு மணிக்குத் திரும்பும்போது பிள்ளை உறங்கியிருக்கும். பிள்ளைகள் இழந்ததை ஈடுசெய்யவே இல்லம் தேடிக் கல்வி என்று, 20 பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர் என்ற கணக்கில், 2021 அக்டோபரில் மாலை வகுப்புகள் தொடங்கின. மீண்டும் தெருத் திண்ணை. மீண்டும் சிறு வட்டம்.

நானும் அக்காலத்தில்தான் பதிவு செய்யக் கற்றேன். திருமறையை முஷாஃபஹாவாக, அதாவது ஆசிரியரின் வாயிலிருந்து நேர்முகமாகவே பெற வேண்டும் என்பது நம் முன்னோர் வகுத்த நெறி. ஸனது என்ற சங்கிலி அதனால்தான் அறுபடாமல் வந்தது. ஆகையால் எனக்கு முதலில் அச்சமாகவே இருந்தது. பழகிய பிறகு ஒன்று தெளிவாயிற்று. தமிழ் நாக்குக்கு ழகரம் வாய்த்தது; ஐன் வாய்க்கவில்லை. இரண்டு ஹாக்களையும் ஒன்றாக்கிவிடுகிறோம். ளாதைப் பற்றிச் சொல்லவே வேண்டா. இவ்வெழுத்துகளை ஒரு பிள்ளை நூறு முறை கேட்க வேண்டும். நூறு முறை சொல்ல எனக்குப் பொறுமையில்லை, கைப்பேசிக்கு இருக்கிறது. ஆனால் அது சொல்லுமேயன்றிப் பிள்ளையின் தொண்டை எங்கே இடறுகிறது என்று பாராது. தவறாக ஓதினாலும் அது மகிழ்ச்சியோடு அடுத்த ஆயத்துக்குப் போய்விடும். ஆகவே கேட்பதை வீட்டுக்கும், ஓதிக் காட்டுவதை வட்டத்துக்கும் பிரித்தேன். கைப்பேசி இல்லாத பிள்ளைக்கு, அதே வட்டத்துப் பிள்ளையின் வீட்டில் அமர்ந்து கேட்க அனுமதி வாங்கினேன். முதலில் தயங்கிய தாய்மார், பிறகு அந்தப் பிள்ளைக்கும் சேர்த்துத் தேநீர் கொடுத்தார்கள்.

அந்தத் தந்தை வந்து சென்ற மறுநாள், அவருடைய மகன் ஓதும் ஏட்டைப் பார்த்தேன். நான் ஒப்பமிடும் கட்டங்களில் மூன்று மாதமாக ஒப்பமே இல்லை. யாஸீன் சூராவின் ஓரிடத்தில் நின்றவன் அங்கேயே நிற்கிறான். ஒவ்வொரு மாலையும் நான் அவனுடைய வட்டத்துக்கு வருவேன், பின்தங்கிய பிள்ளை ஓரெழுத்து முன்னேறியிருக்கும், மகிழ்ந்து தட்டிக்கொடுப்பேன், அடுத்த வட்டத்துக்குப் போய்விடுவேன். இவனிடம், "உன் பாடம் என்ன ஆயிற்று?" என்று ஒருநாளும் கேட்கவில்லை. இவனும் சொல்லவில்லை. நல்ல பிள்ளைகள் சொல்ல மாட்டார்கள். அதுதான் அவர்களுக்கு நாம் செய்யும் அநீதிக்கு வசதியாக இருக்கிறது. எழும்பூரில் மணலில் கைவைக்க மறுத்த ஆசிரியர்களை மேலே சற்று ஏளனமாக எழுதினேன். மூன்று மாதம் நான் செய்ததும் வேறு விதத்தில் அதுவே: என் வேலையைப் பத்து வயதுப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

அப்போதுதான் அந்த ஸகாத் சர்ச்சையின் மறுபாதி எனக்கு விளங்கியது. பிள்ளையின் பொருளில் ஸகாத் உண்டு என்போர் ஒரு நிபந்தனையையும் கூடவே எடுத்துக் கூறுவர். அநாதைகளின் பொருளை வாணிபத்தில் ஈடுபடுத்தி வளர்க்க வேண்டும், இல்லாவிடில் ஸகாத்தே அதனைத் தின்று தீர்த்துவிடும் என்று உமர் (ரலி) அவர்கள் எச்சரித்ததாக இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் வருகிறது. கொடுக்கச் செய்யும் பொறுப்பாளன் வளர்க்கவும் கடமைப்பட்டவன். வளர்க்காமல் கொடுத்துக்கொண்டே இருந்தால், பெயர் ஸகாத்தாயினும் பிள்ளையைப் பொறுத்தவரை அது கொள்ளை. நான் எடுத்துக் கொடுத்தேன், வளர்க்கவில்லை. தந்தையின் முறையீடு நியாயமானது.

வட்டத்தைக் கலைத்துவிடலாமா என்றும் எண்ணினேன். தமிழாசிரியன் என்ற முறையில் ஒரு நினைவு தடுத்தது. திருவெம்பாவை இவ்வண்ணாமலையில் பாடப்பட்டதென்பது சைவப் பெருமக்களின் மரபு. அடி அண்ணாமலையில் மாணிக்கவாசகருக்குக் கோயிலும் இருக்கிறது. சமயம் வேறாயினும் அதன் அமைப்பு என்னை எப்போதும் ஈர்த்ததுண்டு. விடியுமுன் எழுந்துவிட்ட பெண்கள் தாமே முன்னால் போய்விடவில்லை. உறங்குகிறவள் வீட்டு வாசலில் நின்று அழைக்கிறார்கள், கேலி செய்கிறார்கள், காத்திருக்கிறார்கள். உறங்குகிறவளும் சும்மா இருக்கவில்லை, எதிர்வாதம் செய்கிறாள். எழுந்தவள் எழுப்பப்பட வேண்டியவளைவிட உயர்ந்தவள் என்ற எண்ணமே அங்கில்லை.

எங்கள் வட்டத்திலோ அவ்வெண்ணம் முளைவிட்டிருந்தது. ஒருவன் எப்போதும் கொடுப்பவன். மற்றவன் எப்போதும் வாங்குபவன். கொடுப்பவனுக்கு இழப்பென்றால் வாங்குபவனுக்கு இழிவு. அதற்கும் ஒரு வழி தானாகவே தென்பட்டது. ரமலான் நெருங்கியதால் ஸகாத் பாடம் நடத்தினேன். நாற்பதில் ஒரு பங்கு என்று சொல்லி, 6,400 ரூபாய்க்கு எவ்வளவு என்று கேட்டேன். தெளிந்த நாக்குடைய பிள்ளை தாளும் எழுதுகோலும் தேடினான். பின்தங்கிய பிள்ளை தலை நிமிராமலே, "ஆறாயிரத்துக்கு 150, நானூறுக்கு 10, ஆக 160" என்றான். பௌர்ணமி இரவுகளில் மலையைச் சுற்ற வரும் கூட்டத்துக்குத் தாயோடு அமர்ந்து தண்ணீர்ப் போத்தல் விற்கும் பிள்ளை அவன்; சில்லறை அவன் விரல்நுனியில். அன்றிலிருந்து அந்த வட்டத்தில் கணக்குக்கு அவனே உஸ்தாது. எல்லாப் பிள்ளைக்கும் இப்படி ஒன்று வாய்த்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஏழு வட்டங்களிலும் தேடிப் பார்த்துவிட்டேன். இரண்டு பிள்ளைகளிடம் நான் இன்னும் எதையும் காணவில்லை. அவர்கள் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதற்கு முகம் சுளிக்காத பிள்ளைகளோடு அவர்களை அமர்த்தியிருக்கிறேன்.

பத்து நாள் கழித்துத் தந்தையைத் தேடி அவர் கடைக்கே போனேன். "உங்கள் மகனுக்கு நான் தவறிழைத்துவிட்டேன், நாளை முதல் அவனை அந்த வட்டத்திலிருந்து எடுத்துவிடுகிறேன்" என்றேன். அவர் பதறிப்போய், "ஹஜ்ரத் என்னிடம் இப்படியெல்லாம் சொல்லக்கூடாது" என்று எழுந்து நின்றார். பிறகு சற்றுத் தயங்கி, "அவனை எடுத்துவிட்டால் அந்தப் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுப்பார்? இரவு சாப்பிடும்போது என் மகன் அவனைப் பற்றித்தான் பேசுகிறான். இன்றைக்கு ஐன் வந்துவிட்டது அத்தா, நாளைக்கு ஃகைன் வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். எடுக்க வேண்டாம். இவனுடைய பாடத்தை மட்டும் முதலில் கேட்டுவிடுங்கள்" என்றார்.

அவ்வாறே செய்கிறேன். அஸர் தொழுதவுடன், வட்டங்கள் அமருமுன், வட்டத்துக்கு ஒருவராக அந்த ஏழு பிள்ளைகளின் பாடத்தையும் நானே கேட்டு ஒப்பமிடுகிறேன். அதற்காக அரைமணி முன்னதாக வர வேண்டியிருக்கிறது. வியாழக்கிழமைகளில் யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. யாஸீனில் நின்ற பிள்ளை இப்போது ஸாஃப்பாத்துக்கு வந்திருக்கிறான். அவனுடைய நண்பன் அம்ம ஜுஸ்உவில்தான் இருக்கிறான்.